அம்மா எந்தக் குரூப்?

ஆடிட்டர் அறையின் சுவர்த்திரையில் பன்னிரண்டு பெட்டிகள் நிற்கின்றன; பதினொன்றில் பெட்டிக்கு ஒரு கம்பெனி. எதிரே, அம்மாவை நடுவில் விட்டு அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருக்கிறார்கள். உதவியாளர் பெண் அண்ணனுடையவற்றை நீலக் குழுவிலும் தம்பியுடையவற்றைப் பச்சைக் குழுவிலும் இழுத்துப் போட்டாயிற்று. மிச்சம் பன்னிரண்டாவது பெட்டி: அம்மாவின் டிரஸ்ட். நீலத்துக்குக் கொண்டுபோனால் தம்பி நாற்காலி நுனிக்கு வருகிறார்; பச்சைக்குக் கொண்டுபோனால் அண்ணன் இருமுகிறார். ஒரு பெட்டியை இரண்டு குழுவில் வைக்க மென்பொருளுக்கு மனமில்லை. ஜன்னல் திரை படபடக்கிறது, வெயில் மேசைமேல் வந்து வந்து போகிறது, உதவியாளரின் மவுஸ் விரலில் பெட்டி நடுவிலேயே தொங்குகிறது. “என்னம்மா, ரெண்டுங்கெட்டானா நிக்குது?” என்கிறார் ஆடிட்டர் அவளிடம். பதறி அவள் விரலை எடுக்க, பெட்டி தானாக ‘மற்றவை’யில் போய் விழுகிறது. “எங்கம்மா மற்றவையா?” அண்ணனும் தம்பியும் இந்த வருடத்தில் முதல்முறையாக ஒரே குரலில் பாய்கிறார்கள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். “அங்கேயே இருக்கட்டும் கண்ணு. அந்த டிரஸ்ட் கையில எத்தனை கம்பெனி இருக்குன்னு மட்டும் கோடு போட்டு இவனுங்களுக்குக் காட்டு.” அவள் பெட்டியைத் தொடுகிறாள். அதிலிருந்து நீலம், பச்சை பார்க்காமல் பதினொரு கம்பெனிக்கும் சிவப்புக் கோடுகள் ஓடுகின்றன. அண்ணன் தம்பியைப் பார்க்கிறார். தம்பி அம்மாவின் செருப்பைப் பார்க்கிறார்.