ஒண்ணு குறையுதே

காலையில் பால் காய்ச்சினேன். குளித்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு கணினியைத் திறந்தேன். தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்யும் தளத்தில், அலைபேசி எண் கேட்கும் கட்டத்தில், வழக்கம்போல ஒன்பது இலக்கம் மட்டும் தட்டினேன். கீழே 'ஒண்ணு குறையுதே, எண்ணிப் பாருங்க' என்று வரவேண்டும். அந்தத் தளத்தின் பிழைச் செய்திகளை எல்லாம் எழுதியவள் என் மனைவி சுபத்ரா. அவள் இறந்துபோன பிறகு தினமும் இப்படித்தான் அவளிடம் பேச்சு வாங்குகிறேன். இன்று சிவப்பில் 'தவறான உள்ளீடு' என்று வந்தது. பெயரை எழுதாமல் விட்டுப் பார்த்தேன். பின்கோடு கேட்ட இடத்தில் எழுத்துகளைப் போட்டேன். போன வருடத் தேதிக்குத் தண்ணீர் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அதே வரி. அவளுடன் வேலை பார்த்த ரெஜினாவை அழைத்தேன்.

"நேத்து எல்லாத்தையும் மாத்திட்டாங்கண்ணா. பழசு ரொம்பப் பேசுதாம்."

"ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

"இல்லண்ணா."

எல்லாக் கட்டங்களையும் காலியாக விட்டு மறுபடி அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு. அவள் எழுதியதெல்லாம் ஊருக்கு. எனக்கென்று கடைசியாகச் சொன்னது, அந்தக் கடைசி நாளில் வண்டியைக் கிளப்பும்போது, வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னதுதான்: "சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கப்பா, பாரு."