டாக்டர் போன அன்று

ஒரகடத்தில் ஷிப்ட் முடித்துப் பசியோடு வந்த பிரவீன் வாசலிலேயே நின்றுவிட்டான். அம்மா செங்கமலம் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு அழுதுகொண்டிருந்தாள். மனைவி சசிரேகாவின் கண்கள் வீங்கியிருந்தன. அடுப்பு எரியவில்லை.

"இன்னாம்மா ஆச்சு?"

"நம்ம டாக்டரு பூட்டாருடா! குண்டடி பட்ட பையனத் தூக்கப் போனாரு, நெஞ்சுலயே சுட்டுட்டானுங்க."

"நர்ஸம்மா மடியிலயே கண்ண மூடிட்டாரு" என்று விம்மினாள் சசிரேகா.

"சரி, ரெண்டு தோசை..."

"சாவு விழுந்த அன்னிக்கு எவளாவது அடுப்பு பத்த வெப்பாளாடா, பாவி?"

ஒரு வார்த்தை சொன்னால் தோசை கிடைக்கும். சொல்லத்தான் பயமாக இருந்தது. கடைசியில் வயிறு ஜெயித்தது.

"அழாதம்மா. அவரு சாவல. அடுத்த எபிசோடுல கண்ணு முழிச்சிடுறாரு."

"பெருமாளே!" என்று கும்பிட்ட அம்மா, ஓடிப்போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். கல்லில் மாவு சொய்யென்றது.

சசிரேகா மட்டும் அசையவில்லை.

"எங்களுக்கு முன்னாடி அடுத்தத பாக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே. கம்பெனி பஸ்ல போன்ல தனியா பாத்துக்கினு வரீங்களா?"

அம்மாவின் கையிலிருந்த தோசைக் கரண்டி மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

டாக்டர் பிழைத்த சந்தோஷத்தில் மாமியாரும் மருமகளும் சுடச்சுடச் சாப்பிட்டார்கள். பிரவீனுக்கு மட்டும் அது சாவு வீடாகவே இருந்தது.