வரைபடத்தில் இல்லாத தூண்

"இடிச்சுத் தள்ளும்மா அந்தத் தூணை. பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு அதென்ன சிலையா?"

மேனேஜர் இப்படிச் சொன்னதும் ஆபரேட்டர் லீவரிலிருந்து கையை எடுத்தாள். அவள் மாட்டியிருந்த தடித்த கண்ணாடிக்குள் கட்டுமானத் தளம் முப்பரிமாணத்தில் விரிந்து கிடந்தது. இங்கே ஏசி அறையில் அவள் லீவரை அசைத்தால், ஊருக்கு வெளியே ஓட்டுநர் இல்லாத இயந்திரம் தன் இரும்புக் கையைத் தூக்கும். தூக்கிய கை இப்போது ஒரு சாம்பல் நிறக் குட்டைத் தூணுக்கு மேலே நின்றது.

"வரைபடத்துல இப்படி ஒரு தூணே இல்ல சார்."

"வரைஞ்சவன் மறந்திருப்பான்."

"காலையில பாத்தப்போ இன்னும் உயரமா இருந்துச்சு."

"மண்ணு இறங்கியிருக்கும்." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "வந்தவங்க முன்னாடி என் மானத்தை வாங்காதே."

வந்தவர்கள் மூவர். இந்த ஏற்பாட்டை விலைக்கு வாங்கலாமா என்று பார்க்க வந்து, சுவரில் இருந்த பெரிய திரையையும் தட்டில் இருந்த பிஸ்கட்டையும் மாறி மாறிக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் பக்கம் திரும்பியதும் மேனேஜர் குரலில் தேன் வழிந்தது. "அசையறதெல்லாம் சிவப்பு சார். ஆளு, வண்டி, நாய்கூட. சிவப்பு கிட்ட வந்தா மெஷின் தானா நின்னுடும். ரொம்ப நேரம் அசையாததெல்லாம் சாம்பல். கல்லு, சுவரு, தூணு. தைரியமா இடிக்கலாம்."

"தளத்துல மேற்பார்வைக்கு ஆள் உண்டா?"

"என் மச்சான்தான். சொந்தக்காரன்னு வைக்கல சார், சுறுசுறுப்புக்காக வச்சேன்." திரையில் ஒரு சிவப்புப் புள்ளி குப்பைமேட்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது. "அதோ பாருங்க. ஒரு இடத்துல நிக்கமாட்டான்."

மூவரும் மெச்சித் தலையசைத்தார்கள்.

அவளுக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்தவர், வரைபடத்தில் இல்லாத ஒரு குழாயை உடைத்தார். உடைக்கச் சொன்னது இதே மேனேஜர். தண்ணீர் பீறிட்ட பிறகு, சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லாமல் போயிற்று. உடைத்தவர் இப்போது வீட்டில் இருக்கிறார். மேனேஜர் மேனேஜராகவே இருக்கிறார்.

"தளத்துல இருக்கறவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் சார், எல்லாரும் கேக்கற மாதிரி. உடனே இடிச்சுடறேன்."

"இல்லன்னா?"

"லீவரைத் தொடமாட்டேன்."

"அப்ப நாளையிலேர்ந்து இந்த நாற்காலியையும் தொடமாட்டே."

ஆனாலும் மேனேஜர் போனை எடுத்தார். மச்சானின் பெருமை அறை முழுக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். "போனைக் கையில எடுக்கக்கூட அவனுக்கு நேரமில்ல சார். காதுலயே மாட்டியிருப்பான், தானா எடுத்துக்கும்."

எடுத்துக்கொண்டது. முதலில் ஒரு நீண்ட மூச்சுதான் கேட்டது.

"ம்... சொல்லுங்க மாமா." குரல் கரகரத்தது.

"கத்திக் கத்தி வேலை வாங்கித் தொண்டையே போச்சு, பாத்தீங்களா?" என்றார் மேனேஜர் வந்தவர்களிடம். "மாப்ள, அங்க மெஷினுக்கு முன்னாடி ஒரு தூண் நிக்குதாமே?"

"இப்பத்தான் மாமா அந்தப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். நின்னா நிக்கட்டும், இடிக்கச் சொல்லுங்க. நான் பொறுப்பு."

"கேட்டியா?" மேனேஜர் நிமிர்ந்தார். "இடி."

கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டாயிற்று. இனி அவள் தலை உருளாது. அவள் லீவரை மெல்ல முன்னால் தள்ளினாள். இரும்புக் கை இறங்கத் தொடங்கியது.

பாதியில் நின்றது. அவள் நிறுத்தவில்லை, தானாக நின்றது.

ஸ்பீக்கரில் குரல் இப்போது கணீரென்று கேட்டது.

"மாமா, இந்த மெஷின் எதுக்கு என் தலைக்கு மேல வந்து நிக்குது?"