வைஃபையில் ஒரு நைனா

"எல்லாரும் வைஃபையை அணைங்க! எம்பொண்ணு இன்டர்வியூ முடியற வரிக்கும் ஒருத்தரும் போனைத் தொடக் கூடாது!"

சிங்காரம் போட்ட சத்தம் திருத்தணி மலை உச்சி வரைக்கும் கேட்டிருக்கும். எங்கள் லைன் வீட்டில் அஞ்சு குடித்தனத்துக்கும் ஒரே வைஃபை. ஹவுஸ் ஓனர் அவர். சுசித்ரா தங்கமான பொண்ணு, பெங்களூரு வேலை, கிடைக்கட்டுமே என்று நாங்களும் அணைத்தோம். சீரியல் முக்கியமான கட்டம், அதையும் பாதியில் விட்டேன்.

பதினோரு மணிக்கு ஆரம்பம். அஞ்சே நிமிஷத்தில் சுசித்ரா அழாத குறையாக வெளியே வந்தாள்.

"படம் நின்னு நின்னு போவுது! அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிக்கினு வரணுமாம். இல்லாட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்களாம்!"

வைஃபை மாட்டிய திலீப் பக்கத்துத் தெருதான். ஓடி வந்தான்.

"இது பழைய பொட்டிங்க. ஒரு போன் பேசினா இன்னொண்ணு காத்துகினு நிக்கணும். புதுசு மாத்தினா எல்லாத்தையும் ஒரே நேரத்துல பேச விடும். இப்ப யாரோ விடாம வீடியோ அனுப்பிகினு இருக்காங்க." தன் போனில் பார்த்தான். "ரெண்டே பேருதான். சுசித்ரா. இன்னொண்ணு... நைனா!"

அவ்வளவுதான். கடைசி வீட்டு வீராசாமியைத் தெருவே நைனா என்றுதான் கூப்பிடும். சிங்காரம் பாய்ந்தார்.

"யோவ் நைனா! எம்பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போடறியே, மனுசனாய்யா நீ?"

வீராசாமி பதறிப்போய் மடியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"என்கிட்ட இருக்கறது பட்டன் போனுப்பா. இதுல வைஃபையே வராதே!"

சுசித்ரா தன் அப்பாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ நைனா, அது உன் போனு! நான்தானே அதுக்கு அப்படிப் பேர் வெச்சேன்!"

சிங்காரத்தின் சட்டைப் பையிலிருந்து அவருடைய பள்ளிப்பட்டு அக்காவின் குரல் கணீரென்று வந்தது.

"ஏன்டா சிங்காரம், பொண்ணு இன்டர்வியூவை ஜன்னல் வழியா காட்றேன்னு சொந்தக்காரங்க பதினாலு பேரை வீடியோ கால்ல உக்கார வெச்சிட்டு, வீராசாமி மூஞ்சிய காட்டிகினு கீறியே!"

சுசித்ரா அந்தப் போனைப் பிடுங்கி அணைத்தாள். இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. வீராசாமி கையில் அதைத் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"இன்டர்வியூ முடியற வரிக்கும் இதை எங்க நைனா கையில மட்டும் குடுத்துடாதீங்க, நைனா!"