தண்ணீர் கேட்டவர்

மழை ஓய்ந்தும் ஈரம் ஓயாத கார்த்திகை அது. திண்டிவனத்து வானம் தன் துயரையெல்லாம் ஏரிகளில் இறக்கிவைத்துவிட்டு மௌனமாய்க் கவிந்திருந்தது.

மாதா கோயிலில், பூசைக் குறிப்பேட்டைத் திறந்துவைத்திருந்த உபதேசியார் ஞானப்பிரகாசம் பொறுமை இழந்திருந்தார்.

“சவுரியம்மா, எத்தனை வாட்டி சொல்றது? செத்தவங்களுக்கு ஆத்தும பூசை. நன்றிப் பூசை வேற. புருசன் பொழைக்கமாட்டாரு, குழி வெட்ட ஆள் வேணும்னு நேத்துக் காலைல நீதானே அழுதுகினு வந்த?”

“ஆமாங்க. ஆனா நன்றிப் பூசைதாங்க வேணும்.”

“எதுக்கு நன்றி? இருபது வருசமா வேதத்துல சேராம போக்கு காட்டினவரு!”

“நேத்து மத்தியானம் மூச்சு இழுக்கசொல்ல ‘தண்ணி’ன்னு கேட்டாருங்க. சாவுற நேரத்துல சாமியாருக்குக் காத்திருக்காம யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? சூசைன்னு பேரு வெச்சு, ஒரு குடம் தலையில ஊத்திட்டேன்.”

உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார். “அடிப் பைத்தியமே! அவரு குடிக்கக் கேட்டிருப்பாரு!”

“குடிக்கத்தாங்க கேட்டேன்” என்றது வாசலில் ஒரு குரல். கம்பளி போர்த்தபடி அங்கே நின்றிருந்தார் அவள் கணவர் விருத்தாசலம். “ஊத்தினதுல காய்ச்சல் எறங்கிடுச்சு. வேணாம்னா மறுபடி குடத்தைத் தூக்கிக்கினு வருவா, பேஜாரு. நான் சூசையாவே இருந்துடறேங்க.”

அவர் மெல்ல நடந்துவந்து, வாழ்வில் முதன்முறையாகப் பீடத்தின் முன் மண்டியிட்டுக் கைகுவித்தார். சவுரியம்மாளும் அருகில் மண்டியிட்டாள்.

உபதேசியாரின் குரல் தழைந்தது. “சர்வேசுரன் உங்க ரெண்டு பேரையும் ஆசீர்வதிப்பாராக.”