கதவு மேடம்

அபாயச் சங்கு ஊதியதும் கெமிஸ்ட்ரி மேடம் வகுப்பறைக் கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்.

மாணவர்கள் பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் விடுப்பு என்பதால் அந்தக் கூட்டமும் இன்று இங்கேதான். பாதிப் பேர் முகம் தெரியாத பிள்ளைகள்.

ஆயுதத்தோடு யாராவது கல்லூரிக்குள் புகுந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று இந்த வாரத்தில் ஒரு நாள் ஒத்திகை உண்டு, எந்த நாள் என்று சொல்ல மாட்டேன் என்று பாதுகாப்பு அதிகாரி அறிவித்திருந்தார். சொல்லிவிட்டால் அப்புறம் அது என்ன ஒத்திகை என்பது அவர் கட்சி.

ஒத்திகைதான் என்று மேடம் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனாலும் தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

வெளியே தடதடவென்று யாரோ ஓடினார்கள். எங்கோ ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கதவு தட்டப்பட்டது.

"மிஸ், திறங்க மிஸ். நான் மட்டும் வெளில மாட்டிக்கிட்டேன். ப்ளீஸ் மிஸ்."

ஒரு பெண்ணின் குரல். பாதி அழுகை.

தாழ்ப்பாளுக்குப் போன மேடத்தின் கை பாதியில் நின்றது.

போன ஒத்திகையிலும் இப்படித்தான் ஒருத்தி வெளியே நின்று கதறினாள். மனசு கேட்காமல் மேடம் திறந்துவிட்டார். பார்த்தால், நாடகக் குழுப் பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டு அசடு வழிய நின்றாள். அழுவதற்கு எல்லா ஒத்திகைக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். அவளுக்குப் பின்னால், கழுத்தில் விசிலோடு அதிகாரி.

"மொத்த கிளாஸையும் சாகடிச்சிட்டீங்க மேடம்."

யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. அழுதாலும் கூடாது. போலீஸ் வந்து வெளியிலிருந்து திறக்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். கல்லூரியிலேயே அந்த விதியை மீறிய ஒரே ஆள் என்று மீட்டிங்கில் அவரை எழுப்பி நிற்கவைத்தார்கள். அன்று முதல் ஆசிரியர் அறையில் அவருக்குக் கதவு மேடம் என்றே பெயர். அவர் தலையைக் கண்டாலே ஒரு கோஷ்டி எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டுச் சிரிக்கும்.

இந்தத் தடவை அவர்கள் பாச்சா பலிக்காது.

வெளியே நின்றவள் இப்போது உள்ளங்கையால் அடித்தாள். அடிக்க அடிக்கக் கதவு அதிர்ந்தது.

"யாரோ வர்றாங்க மிஸ்..."

நன்றாகத்தான் நடிக்கிறாள். போன தடவையைவிட எவ்வளவோ தேவலை. குரல் உடைகிற இடம், மூச்சு வாங்குகிற இடம், எல்லாம் கச்சிதம். இதற்கென்றே உட்கார்ந்து பழகியிருப்பாள் போல.

அப்படி நினைத்துக்கொண்டாலும் மேடத்துக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. திறந்துவிடு, திறந்துவிடு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

இருட்டில் ஏதோ அவர் காலைத் தொட்டது. மேடம் துள்ளி விழுந்தார்.

பக்கத்து வகுப்புப் பெண் ஒருத்தி. பெஞ்சுகளுக்கு அடியிலேயே தவழ்ந்து வந்திருக்கிறாள். அவர் காலைப் பிடித்த கை சில்லென்றிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

சத்தம் போடாதே என்று சொல்லக் குனிந்த மேடம், கதவுக்கு அடியில் கசிந்த வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்தார்.

அன்றைக்கு அசடு வழிய நின்ற அதே முகம்.

"மிஸ்... இன்னைக்கு என்னை யாரும் கூப்பிடல மிஸ்."

மேடம் பாய்ந்து தாழ்ப்பாளைப் பிடித்தார்.

வெளியே யாரும் தட்டவில்லை.