உயிருடன் உள்ள குழந்தைகள்

பேனா எழுதவில்லை.

உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள். அங்கேயும் எழுதவில்லை. ஒரு கணம், பிழைத்தோம் என்றே நினைத்துவிட்டாள்.

நர்ஸ் தன் பையிலிருந்து வேறு பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

பெயர். வயது. ஊர். சம்மதப் படிவத்தில் அதுவரைக்கும் கை ஓடியது.

"வீட்டுக்காரர் கையெழுத்தெல்லாம் வேணாம்க்கா. உங்களோடது மட்டும் போதும்" என்றாள் நர்ஸ்.

அதுதான் கொடுமை. முடிவை எல்லோரும் சேர்ந்து எடுத்துவிட்டார்கள். கையை மட்டும் இவளிடம் கேட்கிறார்கள்.

முந்தாநாள் ஸ்கேனில் தெரிந்தது. பத்தொன்பது வாரம். குழந்தையின் முதுகுத்தண்டு கீழ்ப்பக்கம் மூடவில்லை. பிறந்தாலும் எழுந்து நடக்காது என்றார் டாக்டரம்மா. நல்ல மனுஷி. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"இது உங்க உடம்பும்மா. நீங்கதான் முடிவு பண்ணணும்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளே லேசாக ஒரு உதை விழுந்தது. எல்லாம் என் உடம்பு என்றால் என்னை உதைத்தது யார் டாக்டர் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் அந்தக் கேள்வியே வந்தது.

இவளுக்குப் பதில்கள் எப்போதும் பஸ் போன பிறகுதான் வரும்.

கலைச்சிரலாம் என்று நாத்தனார் போனில் சொன்னாள். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். எல்லோருக்கும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மேகம் கலையும். கூட்டம் கலையும். தூக்கம் கலையும். ஸ்கேனில் அது விரலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதை இவள் பார்த்தாள். அது எப்படிக் கலையும்?

அதுக்கு என்ன தெரியப்போவுது என்றும் நாத்தனார்தான் சொன்னாள்.

தூங்கும்போது என் மூத்தவளுக்கும்தான் ஒன்றும் தெரியாது. அதற்காக?

வேறு ஒன்று பெற்றுக்கொள்ளலாமாம். பெறலாம். அது வேறு ஒன்றாகத்தான் இருக்கும்.

இருக்கிறவளை நினைத்துப் பார் என்றாள் அம்மா. இருக்கிறவளுக்கு ஐந்து வயது. காலையில் பக்கத்து வீட்டில் விட்டபோது, "பாப்பாவுக்கு ஊசி போடுவாங்களாம்மா? அழுமா?" என்று கேட்டாள். அழாது என்று இவள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சாயங்காலம் எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடப் போவது என்று தெரியவில்லை.

இவர்களுக்கெல்லாம்கூடப் பதில் சொல்லிவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் சொல்ல முடியவில்லை.

செல்லப்பாண்டி. இவள் கணவன். இரண்டு பாதமும் உள்ளே வளைந்தே பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. காலைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

காலையில் கிளம்பும்போது செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னான்.

"நா பட்டது போதும் புள்ள. அதுவும் படணுமா?"

சொல்லிவிட்டு அழுதான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவன் அழுது இவள் பார்த்ததில்லை.

கொடுமைக்காரனாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால்?



பயமாக இருந்தது. தூக்கிச் சுமக்க வேண்டும், எத்தனை வருஷம் என்று தெரியாது. தனக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று தெரியாது. தன் முதுகு தாங்குமா என்றும் தெரியாது. இதற்கெல்லாம் இவளிடம் பதிலே இல்லை. பதில் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையை எப்படி இல்லாமல் ஆக்குவது என்பதுதான் இவளுக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

"எழுதுங்கக்கா. டாக்டர் வந்துருவாங்க."

அடுத்த வரி. உயிருடன் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கை.

எழுதினாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. ஒரு பொண்ணுன்னுதான சொன்னீங்க?"

"இன்னைத் தேதிக்கு ரெண்டு."

சொன்னது தான்தானா என்று இவளுக்கே சந்தேகமாக இருந்தது. எதிர் பெஞ்சில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

நர்ஸுக்கு இது புதிதாக இருந்திருக்க வேண்டும். தாளை வாங்கி, பேனாவோடு செல்லப்பாண்டியிடம் நீட்டினாள்.

"நீங்களே அடிச்சிட்டு ஒண்ணுன்னு எழுதிருங்கண்ணே. பக்கத்துல அக்கா ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாலுகா ஆபீஸ் எதிரில் மனு எழுதுகிறவன். பதினெட்டு வருஷமாக ஊரார் தாள்களில் தப்பை அடித்துத் திருத்துவதுதான் அவன் பிழைப்பு. எண்ணில் தப்பு இருந்தால் முழுப் பக்கத்திலும் அவன் கண் அங்கேதான் போய் நிற்கும்.

தாளை முழங்காலில் வைத்து நீவினான். மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். அது அவன் பழக்கம். பேனா அந்த வரிக்கு வந்து நின்றது.

இவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோடு இழுக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

ஒரு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். யாரோ எழுந்து போனார்கள்.

இன்னொரு எண்ணையும் கூப்பிட்டார்கள்.

"சிஸ்டர்" என்றான் செல்லப்பாண்டி. பேனாவை அவளிடமே திருப்பி நீட்டினான்.

"சிஸ்டர், எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு."